காணொலியும் கல்லூரிக் கல்வியும்



நான் பேசுகிறேன்; நீங்கள் கேட்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேனேயன்றி, அறியேன். ஒலிப்பதிவு அறையில் என் முன்னே ஒரு மேசையும் ஒலிவாங்கியும் இருக்கின்றன. கண்ணாடிக்கு அப்பால் நிலையத்து அன்பர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவ்வளவுதான். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று பழகிய எனக்கு இது கொஞ்சம் சங்கடமான நிலை. வகுப்பிலே ஒரு சொல்லைத் தவறவிட்டால் மூன்றாம் வரிசையில் ஒரு பையனுடைய புருவம் சுருங்கும். கடைசி வரிசையில் ஒருவன் சன்னலைப் பார்ப்பான். அந்தப் புருவத்தையும் அந்தச் சன்னலையும் கண்டு பாடத்தின் போக்கை மாற்றிக்கொள்வதுதான் ஆசிரியத் தொழிலின் பாதி. இங்கே அந்தப் பாதி என்னிடம் இல்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வீடியோ கான்பரன்சிங் என்னும் சாதனத்தைப் பயன்படுத்துவது பற்றியது. செய்தி அறிக்கைகளில் இதனைக் ‘காணொலிக் காட்சி’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நல்ல சொல்தான். ஆனால் எனக்கு அதில் ஒரு சிறு மனக்குறை உண்டு. காண்பது அதில் இருக்கிறது, ஒலி இருக்கிறது, மறுமொழி இல்லை. இந்தச் சாதனத்தின் உயிரே மறுமொழியில்தான் இருக்கிறது. பெயரில் அது விடுபட்டது போலவே பல கல்லூரிகளின் நடைமுறையிலும் அது விடுபட்டுப் போயிற்று.

வெகு தொலைவில் இருக்கும் ஒருவரைக் கண்ணால் கண்டு பேசவேண்டும் என்ற ஆசை புதியதன்று. 1936ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் பெர்லின் நகருக்கும் லைப்சிக் நகருக்கும் இடையே, முகம் பார்த்துப் பேசும் தொலைபேசிச் சாவடிகளை அஞ்சல் துறையினர் அமைத்தனர். 1964இல் அமெரிக்காவின் தொலைபேசி நிறுவனம் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ ஆகிய நகரங்களில் இத்தகைய சாவடிகளைத் திறந்தது. மூன்று நிமிடப் பேச்சுக்கு 16 டாலர் முதல் 27 டாலர் வரை கட்டணம். அக்காலத்தில் அது பெருந்தொகை. வேடிக்கை பார்த்தவர் பலர். பணம் கட்டிப் பேசியவர் மிகச் சிலர். முகம் பார்ப்பதற்காக மட்டும் மனிதன் அவ்வளவு செலவு செய்யமாட்டான் என்பதை அந்த நிறுவனம் கண்டுகொண்டது.

நம் நாட்டில் இது வேறு வழியாக வந்தது. நான் உயர்நிலைப் பள்ளி மாணவனாக இருந்த 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய, அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஏடிஎஸ்–6 என்னும் செயற்கைக்கோளை நம் அறிஞர்கள் பயன்படுத்தி ஒரு பெரும் சோதனை நடத்தினார்கள். ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகள் சென்றன. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலை போன்ற வலையால் செய்த அலைவாங்கிகள் அந்தக் கிராமங்களில் வானத்தைப் பார்த்து நின்றன. சிறுவர்களுக்குப் பாடங்கள் வந்தன. பல்லாயிரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் வந்தது. தமிழ்நாடு அந்த ஆறு மாநிலங்களுள் இல்லை. எங்களுக்கு இருந்ததெல்லாம் பள்ளியில் ஒரு வானொலிப் பெட்டியும், திருச்சிராப்பள்ளி நிலையத்தின் பள்ளி ஒலிபரப்பும்தான். பெட்டியைச் சுற்றி வட்டமாக அமர்ந்து கேட்போம். பாடம் முடிந்ததும் எங்கள் ஆசிரியர் எழுந்து, “அவர் சொன்னதில் யாருக்கு எது புரியவில்லை?” என்று கேட்பார். வானொலி சொல்லியது ஆயிரம் பள்ளிகளுக்கு. அவர் கேட்டது எங்களை.

பின்னர், 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பல்கலைக்கழக மானியக் குழு, இன்சாட் செயற்கைக்கோளின் துணையோடு தூர்தர்ஷனில் ‘நாடு தழுவிய வகுப்பறை’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. பட்ட வகுப்பு மாணவர்களுக்கானது. நல்ல பேராசிரியர்கள் பேசினார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஐயம் எழுந்தால் அஞ்சலட்டை எழுதவேண்டும். அட்டை போய்ச் சேருவதற்குள் ஐயம் ஆறிப்போய்விடும்.

ஆக, பல ஆண்டுகளாக வானிலிருந்து பாடம் இறங்கி வந்ததே தவிர, தரையிலிருந்து கேள்வி மேலே ஏறவில்லை. அது ஏறத் தொடங்கிய காலத்துக்கு வருவோம்.

2004ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 1,950 கிலோ எடை கொண்டது. கல்விக்கென்றே நம் நாடு அமைத்த முதல் செயற்கைக்கோள் அதுவே. கர்நாடகத்தின் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் முதலில் சோதனை நடந்தது. ஒரு பேராசிரியர் ஓரிடத்தில் பாடம் நடத்த, தொலைவிலுள்ள கல்லூரிகளின் மாணவர்கள் தங்கள் இடத்திலிருந்தே வினாக்களை எழுப்ப இயன்றது. 2010இல் அந்தச் செயற்கைக்கோள் தன் பணியை முடித்துக்கொண்டது.

அதே 2004ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், நம் திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டிக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் கிடைத்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செம்பட்டி, திருவையாறு, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் கிராம வள மையங்களை அமைத்தன. அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் தில்லியிலிருந்தபடியே காணொலி வழியாக அவற்றைத் தொடங்கி வைத்தார். செம்பட்டியை நீங்கள் அறிவீர்கள். திண்டுக்கல்லிலிருந்து தென்மேற்கே போகும் பேருந்துகள் நின்று, தேநீர் குடிப்பவர் குடித்து, ஏறுபவர் ஏறிப் புறப்படும் ஊர். அந்த ஊரில் ஓர் உழவர் திரையின் முன் அமர்ந்து, சென்னையில் இருக்கும் வல்லுநரிடம் தம் பயிரின் நோயைச் சொல்லி விளக்கம் பெற வழி பிறந்தது. ‘இலையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள்’ என்று வல்லுநர் கேட்கலாம். உழவர் திருப்பிக் காட்டலாம். இலையைத் திருப்பிக் காட்டச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இயலாதது. காணொலியின் சிறப்பு அதுதான். உழவர்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இந்தச் சாதனம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை மாணவர்களாகிய நீங்கள் சிறிது தெரிந்துகொள்ளல் நலம். செயற்கைக்கோள் பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு சொல் மேலே ஏறி, கீழே இறங்க 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் சென்றாலும் கால் விநாடி ஆகிவிடும். கேள்வி போய் விடை வர அரை விநாடி. அரை விநாடிதானே என்று எண்ணாதீர்கள். எதிரே இருப்பவர் அரை விநாடி வாய் திறக்காவிட்டால், ‘இவருக்குக் கேட்கவில்லை’ என்று நம் மனம் முடிவு கட்டிவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். இக்காலத்தில் பெரும்பாலும் நிலத்தடியில் செல்லும் கண்ணாடி இழை வழியாகவே செய்தி போகிறது, தாமதம் குறைந்துவிட்டது. ஆயினும் அந்தப் பதற்றம் மட்டும் ஆசிரியர்களை விட்டு நீங்கவில்லை.

படத்தின் கதை இன்னும் சுவையானது. கேமரா ஒரு விநாடிக்கு இருபத்தைந்து, முப்பது படங்கள் எடுக்கிறது. அத்தனையையும் முழுதாக அனுப்பினால் எந்த இணைப்பும் தாங்காது. ஆகவே கணினி ஒரு தந்திரம் செய்கிறது. முதற்படத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அதற்கு அடுத்த படங்களில் எது மாறியிருக்கிறதோ அதை மட்டுமே அனுப்புகிறது. அசையாத கரும்பலகைக்குச் செலவு குறைவு. கையை வீசி வீசிப் பேசும் ஆசிரியருக்குச் செலவு அதிகம்! குரலுக்கோ மிகமிகச் சிறிதளவே போதும். இணைப்பு நலிந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொள்ளை நோயின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டன. அதுவரை கருத்தரங்க அறையில் பூட்டி வைத்திருந்த காணொலி, ஒரே மாதத்தில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிட்டது. ஆய்வு மாணவர்களின் வாய்மொழித் தேர்வையும் காணொலி வழியே நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு அந்த ஏப்ரலிலேயே வழிகாட்டியது. தமிழக அரசு 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிகாபைட் இணையத் தரவை இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. மலையூர்ப் பிள்ளைகள் அலை கிடைக்கும் பாறையைத் தேடி ஏறியதை நாளேடுகளில் படித்தோம்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் இருப்பது சின்னாளப்பட்டி. எங்கள் தெருவில் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, கணிதப் பட்ட வகுப்பில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் கூடத்திலேயே தறி. தந்தை நெய்வார், தாய் நூல் சுற்றுவார். ஒரு நாள் வகுப்பில் இவள் ஐயம் கேட்க ஒலிவாங்கியைத் திறந்தபோது, இவளுடைய குரலோடு தறியின் ஓசையும் அறுபது வீடுகளுக்குப் போயிற்று. யாரோ சிரித்தார்கள். விரிவுரையாளரும், ‘அது என்ன சத்தம், மூடு’ என்றாராம். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவருக்கும் அன்று எத்தனையாவது வகுப்போ! ஆனால் அதற்குப் பின் அவள் ஒலிவாங்கியைத் திறக்கவேயில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்ந்துகொள்வாள்.

நான் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே அந்த வகுப்பைக் கவனிப்பதுண்டு. திரையில் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து. விரிவுரையாளர் விளக்கிக்கொண்டே போவார். நடுவில், “புரிகிறதா?” என்பார். ஒரு விநாடி அமைதி. “சரி, மேலே போவோம்” என்பார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதல் மாதத்திலேயே ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள்: கேள்வியை வகுப்பு முழுவதற்கும் கேள், பொறு, பிறகே ஒருவர் பெயரைச் சொல். அந்தப் பொறுத்தலில்தான் நாற்பது தலைகளும் வேலை செய்கின்றன. வகுப்பறையில் அந்த அமைதி நிறைந்திருக்கும், முகங்கள் அசையும். திரையின் முன்னோ அது வெற்றிடமாகத் தோன்றுகிறது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஆசிரியர் அஞ்சுகிறார். அஞ்சித் தாமே விடையைச் சொல்லிவிடுகிறார். ‘புரிகிறதா’ என்பது கேள்வியே அன்று என்பது வேறு விஷயம். அதற்கு ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு விடை சொன்ன மாணவனை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன். “ஏம்மா, உனக்கு ஒன்றும் சந்தேகம் இல்லையா?”

“இருக்கிறது சார். பத்துப் பேரை மாதிரியாக எடுத்து எடையை அளந்தால், திட்ட விலக்கம் கண்டுபிடிக்கும்போது பத்தால் வகுக்காமல் ஒன்பதால் வகுக்கச் சொல்கிறார்கள். ஏன் ஒன்பது?”

எவ்வளவு நல்ல கேள்வி! எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அவள் தலையசைத்தாள், ஆனால் புருவம் சுருங்கியே இருந்தது. “இதை உங்கள் ஆசிரியரிடம் கேள்” என்றேன். “அப்புறம் கேட்கிறேன் சார்” என்றாள். அந்தக் கேள்வி எங்கள் திண்ணையிலேயே தங்கிவிட்டது.

எங்கே பிழை? கருவியில் இல்லை. செம்பட்டியில் 2004இலேயே இயன்ற இருவழிப் பேச்சு, 2020இல் அவள் கையிலும் இருந்தது. ஆனால் அறுபது பேரை ஒன்றாக அடைத்து, ஐம்பது நிமிடம் ஒருவரே பேசினால் இருவழிச் சாலையும் ஒருவழியாகிவிடும். அது காணொலி வகுப்பன்று. படத்தோடு கூடிய வானொலி. படத்தோடு கூடிய வானொலி வேண்டுமானால் அதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு முன்பே உண்டு. 2003 முதல் சென்னை ஐஐடியும் பிற ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் என்ற திட்டத்தில் பாடங்களைப் பதிவு செய்து யாவர்க்கும் இலவசமாக வைத்திருக்கின்றன. அவற்றை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், நள்ளிரவிலும் கேட்கலாம். விளக்கவுரைக்கு அதை விடுத்து, நேரில் பேசும் அரிய நேரத்தை ஐயத்துக்கென்று வைத்துக்கொள்வதே முறை. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பில் இப்படித்தான் செய்கிறார்கள்: பாடம் பதிவாக வரும்; ஐயத்துக்கு நேரடி அமர்வு உண்டு; தேர்வுக்கு மட்டும் மாணவர் நேரில் வந்து அமரவேண்டும்.

என்னைக் கேட்டால், நம் பகுதிக் கல்லூரிகள் அன்றாடப் பாடத்துக்குக் காணொலியை நாடவே வேண்டியதில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே ஊரில் இருக்கும்போது இருவருக்கும் நடுவில் திரை எதற்கு? நம்மால் அழைத்துவர இயலாதவரை அழைக்க அதைப் பயன்படுத்தலாம். 1956இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் முயன்று எழுப்பிய காந்திகிராமக் கிராமிய நிறுவனம், இன்று பல்கலைக்கழக நிலையில் நம் அருகிலேயே இருக்கிறது. அங்கே ஒரு மாணவர் மண்ணியல் பற்றி ஆராய்கிறார் என்றால், வெளிநாட்டில் அத்துறையில் உழைக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் உரையாட இனிக் கப்பலும் விமானமும் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை: பேசுபவர் பத்து நிமிடம் பேசட்டும், எஞ்சிய இருபது நிமிடம் மாணவர் கேட்கட்டும், முன்பே எழுதிவைத்த கேள்விகளோடு வந்து கேட்கட்டும்.

இன்னொன்றும் சொல்வேன். நாம் எப்போதும் கேட்பவர்களாகவே ஏன் அமரவேண்டும்? திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல்நகரில் ஒரு பூட்டுத் தொழிலாளி அரத்தைப் பிடித்து ஒரு சாவியைத் தேய்ப்பதை, சென்னையிலோ புனேயிலோ இயந்திரவியல் படிக்கும் மாணவர்கள் பார்க்கவேண்டாமா? ‘அந்தத் தகட்டை ஏன் இந்தப் பக்கம் வளைத்தீர்கள், ஐயா?’ என்று அவர்கள் கேட்க, அவர் பூட்டைத் திறந்து கைப்பேசியின் முன் காட்டி விடை சொல்லலாம். அவ்வகை அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்கு அந்த மணி நேரத்துக்குரிய மதிப்பூதியத்தைக் கல்லூரி கொடுக்கவேண்டும். பேராசிரியருக்குக் கொடுப்பது போலவே கொடுக்கவேண்டும். சின்னாளப்பட்டியின் சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போடும் பெண்களுக்கும் இது பொருந்தும். அப்படி ஒரு வகுப்பு நடக்குமானால், தறி ஓசை கேட்டதும் ஒலிவாங்கியை மூடச் சொல்லமாட்டார்கள். இன்னும் கிட்டே கொண்டு போகச் சொல்வார்கள்.

முகம் காட்டுவது பற்றி ஒரு சொல். சில கல்லூரிகளில் மாணவர் கேமராவைத் திறந்தே வைக்கவேண்டும் என்று கண்டிப்புச் செய்தார்கள். ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டை அறுபது பேருக்குக் காட்டச் சொல்வது முறையன்று. படம் இல்லாவிட்டாலும் குரல் போகும் என்று முன்பே சொன்னேன். ஆசிரியருக்கு வேண்டியது மாணவரின் சுவர் அன்று; குரல். குரலும் இயலாதபோது எழுத்தில் கேட்க அதே திரையில் ஓரிடம் உண்டு. ‘இப்போது இரண்டு நிமிடம் நான் பேசப்போவதில்லை; ஒவ்வொருவரும் ஒரு கேள்வி எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். அந்த இரண்டு நிமிடம் மிக நீளமானது என்பதை நான் அறிவேன்.

2021 பிப்ரவரி 8ஆம் நாள் தமிழகக் கல்லூரிகள் எல்லா ஆண்டு மாணவர்க்கும் திறந்தன. அடுத்த வாரம் ஒரு மாலை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் கைப்பேசி இல்லை.

“கேட்டுவிட்டேன் சார்” என்றாள்.

விரிவுரையாளர் முதலில், “இதை ஏன் அப்போதே கேட்கவில்லை?” என்றாராம். பிறகு பத்துப் பெண்களை எழுந்து நிற்கச் சொன்னார். சராசரியிலிருந்து தங்கள் எடை எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று ஒவ்வொருத்தியும் மனம்போன எண்ணைச் சொல்லலாம். எல்லாவற்றையும் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். அது ஒன்றே நிபந்தனை. முதற்பெண் கூடுதல் மூன்று என்றாள். அடுத்தவள் குறைவு ஐந்து என்றாள். சிரிப்பும் கூச்சலுமாக ஒன்பது பேரும் சொல்லி முடித்தார்கள். பத்தாவதாக நின்றவள் இவள்.

“எனக்குச் சொல்ல எண்ணே இல்லை சார்! அவர்கள் சொன்னதைக் கூட்டினால் குறைவு நான்கு வந்தது. நான் கூடுதல் நான்கு என்றுதான் சொல்லியாக வேண்டும். ஒன்பது பேருக்குத்தான் சுதந்திரம். அதனால்தான் ஒன்பது!”

இதைத் திரையிலும் செய்திருக்கலாம். பத்துப் பேர் ஒலிவாங்கியைத் திறந்தால் போதும். ஆறு நிமிடம் ஆகியிருக்கும். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் படி இறங்கித் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போனாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.